கம்பி ஒரு பக்கம் சாயும், குழாய் ஒரு பக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில், மலையை வெட்டிய இடங்களில் அதன் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. மேலே வேரோடிய கறுப்பு மண். அடியில் இரண்டு மூன்று ஆள் உயரத்துக்குச் செம்மண். அதற்குள் அங்கங்கே உருண்டைப் பாறைகள், பணியாரத்துக்குள் கடலைப்பருப்பு மாதிரி. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். காலங்காலமாக நீர் புகுந்து அது மண்ணாக மாறும்போது, மாறாத நடுத்துண்டு உருண்டையாக மிஞ்சும். சுற்றியுள்ள மண் மழையில் இளகிவிட்டால் சாலைக்கு வந்து விழுவது அதுதான்.

அப்படி வெட்டிய ஒரு சரிவில், மண் இறங்காமல் கம்பியால் பிடித்து நிறுத்துவதற்காக, சாரத்தின் மேல் இடுப்பில் கயிறு கட்டிய இருவர் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் கையசைவுதான் பேச்சு. துளை உள்நோக்கிச் சற்றே கீழே சாய்கிறது. ஊற்றும் சிமென்ட் பால் வெளியே வழியாமல் தங்குவதற்காக. முறுக்குக் கம்பியைச் செருகி, குழாயைத் துளையின் கடைசிவரை விட்டு, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். வாயிலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு, கம்பி பாதி வெறுமையில் கிடக்கும். வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. பிறகு கம்பிவலை, இரும்புத் தகடு, நட்டு. கடைசியில் புல்விதையும் உரமும் நாரும் கலந்த கரைசலைப் பீய்ச்சியடிப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், துளை போட்டவரிடம் உள்ளே இருப்பது எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"தூசியப் பார்த்துத்தானுங்க. காஞ்சு வந்தா பயமில்ல. ஈரமா வந்துச்சுன்னா நிறுத்திட்டு மேஸ்திரியக் கூப்பிடுவேன். அங்க பைப்பு போடோணும்."

அந்தக் குழாய்க்கான துளை மட்டும் எதிர்ப்பக்கமாக, உள்நோக்கி மேலே சாய்கிறது. உடம்பெல்லாம் சிறு ஓட்டைகள் கொண்ட குழாய். மலைக்குள் தேங்கும் தண்ணீர் தானாக வழிந்து வரும். பார்க்க வருகிறவர்கள் கம்பிவலையைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ இந்தக் குழாய்தான் பெரிய வேலையாகத் தோன்றியது.

இங்கே மலை இறங்குவது புதிதல்ல. 1993 நவம்பரில் குன்னூர்ச் சாலையில் மரப்பாலம் அருகே இறங்கியது. 2009 நவம்பரில் நீலகிரி மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் வடகிழக்குப் பருவமழையில். மழை முன்பும் பெய்ததுதான். சரிவின் அடியைச் சாலைக்காக வெட்டியதும், ஓடைகளை மறித்துக் கட்டியதும் பின்னால் வந்தவை.

சற்றுத் தள்ளி ஒரு சாலைப் பணியாளர் மண்வெட்டியால் ஓரக் கால்வாயிலிருந்து இலைக்குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார். 2002இல் கூட்டமாக வேலைநீக்கம் செய்யப்பட்டு, 2006இல் திரும்பச் சேர்க்கப்பட்ட சாலைப் பணியாளர்களில் ஒருவர். இடையில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டங்களை வரிசையாகச் சொன்னார். கை மட்டும் நிற்கவில்லை. கால்வாய் அடைத்தால் தண்ணீர் சாலையைத் தாண்டிக் கீழ்ச்சரிவைக் கரைக்கும். பிறகு சாலையே தொங்கும்.

"மேல போய்ப் பாருங்க சார்" என்றார்.

மேஸ்திரியோடு ஏறினேன். வலை முடியும் இடத்துக்கு மேலே ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, நேராக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக்கல் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. மேஸ்திரி வாசலில் நின்று, "அம்மா, மோட்டார நிறுத்துங்க" என்று குரல் கொடுத்தார். வெளியே வந்த பெண், தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, நிரப்பாமல் என்ன செய்வது என்று கேட்டார்.