பட்டியலும் பையன்களும்

வருஷத்தில் பன்னிரண்டு மாதங்களிலும் நம்பிக்கை மிகுந்த மாதம் எது என்று யாராவது கேட்டால், ஜூன் மாதம் என்று நாம் தயங்காமல் சொல்வோம். நாம் ஒரு கணக்கு உபாத்தியாயர். ஜூன் மாதத்தில் புது வருகைப் பதிவேட்டைத் திறந்து நாற்பது பெயர்களை வரிசையாக எழுதும்போது, அந்த நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு வாங்கப் போகிறவர்களாகவே நமக்குத் தோன்றுவார்கள். அவர்களில் ஒருவனாவது இன்னும் ஒரு கணக்கைத் தப்பாகப் போடவில்லை அல்லவா? முதல் பரீட்சை நடந்த பிறகுதானே சிவப்பு மைக்கு வேலை!

அமெரிக்காவில் இந்த ஜூன் மாதம் அக்டோபரில் வருகிறது. அங்கே காலேஜுகளின் கூடைப்பந்துப் பந்தயங்கள் நவம்பர் ஆரம்பத்தில் தொடங்கி மறு ஏப்ரலில் முடிகின்றன. அக்டோபரில் ஒரு பந்தயமும் நடந்திராது. ஒரு கோஷ்டியும் தோற்றிராது. ஆட்டக்காரர்களின் பட்டியல் மட்டும் வெளிவந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு தேசமே ஜோஸ்யம் சொல்லத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் தமிழ்நாட்டு உபாத்தியாயருக்கு எப்படித் தெரிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு வரக்கூடிய வியாதிகள் பல உண்டு. சிலருக்கு இரத்தக் கொதிப்பு, சிலருக்கு நீரிழிவு. நமக்கு வந்தது கூடைப்பந்து. நமது தம்பி கான்ஸாஸ் ராஜ்யத்தில் லாரன்ஸ் என்னும் ஊரில் குடியிருக்கிறான். அவன் மனைவியின் பிரசவத்துக்காகத் தாயாரை அழைத்துக்கொண்டு 2024 ஜனவரியில் நாம் அங்கே போயிருந்தோம். தாயார் மிளகு ரஸம் வைத்தார். நாம் குளிரில் நடுங்கினோம். தம்பி நம்மீது இரக்கங்கொண்டு, "அண்ணா, இந்த ஊரில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, வாருங்கள்" என்று சொல்லி, கான்ஸாஸ் சர்வகலாசாலையின் பந்தய மண்டபத்துக்கு அழைத்துச் சென்றான்.

லாரன்ஸ் ஊர் இந்த விளையாட்டுக்கு ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம். 1891-ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸில் உள்ள ஸ்பிரிங்பீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உபாத்தியாயர் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். 1898-இல் அவர் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்கு வந்து முதல் பயிற்சியாளரானார். அவர் தட்டெழுத்தில் அடித்து வைத்த பதின்மூன்று விதிகளும், இரண்டே தாள்கள், இன்று அந்த மண்டபத்தின் பக்கத்துக் கட்டிடத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2010-இல் அவை நாற்பத்துமூன்று லக்ஷம் டாலருக்கு ஏலம் போயினவாம்! ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். விளையாட்டைப் படைத்த அந்த மகானின் கோஷ்டி 55 ஆட்டங்களில் ஜயித்து, 60 ஆட்டங்களில் தோற்றது. கான்ஸாஸின் பயிற்சியாளர்களில் ஜயத்தைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆகையால் ஒன்றுவிட்ட உறவுமுறையில் நமக்கும் இந்த விளையாட்டில் பாத்தியதை உண்டு.

ஆலன் பீல்டு ஹவுஸ் என்னும் அந்த மண்டபம் 1955-இல் திறக்கப்பட்டது. நாம் போயிருந்தபோது அதில் பதினாறாயிரத்துச் சொச்சம் பேர் உட்கார இடமிருந்தது. நல்ல இடம் பிடிப்பதற்காக மாணவர்கள் நாட்கணக்கில் முறைவைத்துக் காத்திருக்கிறார்கள். எதிர்க்கோஷ்டியின் பெயர்களை வாசிக்கும்போது, மாணவர்கள் எல்லாரும் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, "நீ யாராக இருந்தால் எனக்கென்ன?" என்கிற பாவனையில் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் யாராவது இப்படிச் செய்தால் நமக்கு எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். பிறகு தங்கள் ஆட்டக்காரர்களின் பெயர்கள் வந்ததும், அதே பத்திரிகைகளைத் துண்டு துண்டாகக் கிழித்து ஆகாயத்தில் வீசுகிறார்கள். அன்று கான்ஸாஸ் ஜயித்தது. அன்றைக்கே நமக்கு வியாதி பற்றிக்கொண்டது.

அந்த வருஷத்துக் கோஷ்டியின்மேல் வைத்திருந்த எதிர்பார்ப்பு சாமான்யமானதல்ல. பந்தயங்கள் தொடங்குமுன் அசோசியேடெட் பிரஸ் ஸ்தாபனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கி, தேசத்துக் கோஷ்டிகளில் இருபத்தைந்தை வரிசைப்படுத்துவது வழக்கம். 2023 அக்டோபரில் அந்த வரிசையில் கான்ஸாஸுக்கு முதலிடம். ஹண்டர் டிக்கின்ஸன் என்னும் ஏழடிக்கு மேற்பட்ட இளைஞர் மிச்சிகனிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். வேறென்ன வேண்டும்? ஆனால் மார்ச் மாதத்துத் தேசியப் போட்டி நெருங்கியபோது, சராசரியில் அதிகப் புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்த கெவின் மெக்கல்லர் முழங்கால் காயத்தினால் ஆட முடியாமற் போயிற்று. அந்தப் போட்டியில் அறுபத்தெட்டுக் கோஷ்டிகள். ஒருமுறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இரண்டாவது சுற்றில் கொன்ஸாகாவிடம் 89-க்கு 68 என்று தோற்றுத் திரும்பினார்கள். அக்டோபர்ப் பட்டியலில் முழங்காலுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

தோற்றவர்களுக்குப் புத்தி வருவதுண்டு, பார்த்தவர்களுக்கு வருவதில்லை. 2024 அக்டோபரில் மறுபடியும் கான்ஸாஸுக்கே முதலிடம்! இதற்குக் காரணம் பட்டியல்தான். முன்னெல்லாம் ஒரு பையன் காலேஜில் சேர்ந்தால் நான்கு வருஷம் அங்கேயே ஆடுவான். வேறு காலேஜுக்குப் போனால் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 2021-இல் அந்தத் தடை ஒருமுறைக்கு நீங்கிற்று. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பணம் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. ஆகவே இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் பட்டியல் கலைந்து, ஒவ்வொரு கோடையிலும் புதிதாகக் கட்டப்படுகிறது. அந்தக் கோடையில் விஸ்கான்ஸினிலிருந்து ஒருவர், அலபாமாவிலிருந்து ஒருவர், இன்னும் சிலர் என்று வந்து சேர்ந்தார்கள். லாரன்ஸ் ஊரிலேயே வளர்ந்த ஸீக் மேயோவும் தெற்கு டகோடாவிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பி வந்தார். தம்பி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு உற்சாகத்திலிருந்தான். நாமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதி, எதிரே சராசரிப் புள்ளிகளைக் குறித்துக் கூட்டிப் பார்த்தோம். கூட்டினால் யாரும் தோற்கடிக்க முடியாத தொகை வந்தது!

பந்து ஒன்றுதான் என்பதை நமது கூட்டல் மறந்துவிட்டது. ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒரு குளிர்காலத்துக்குள் ஒருவர் மனத்தை ஒருவர் அறிய வேண்டுமென்பதையும் மறந்துவிட்டது. அந்தக் கோஷ்டி 21 ஆட்டங்களில் ஜயித்து, 13-இல் தோற்றது. 2025 மார்ச் 21 விடியற்காலை (அவர்களுக்கு முந்தின நாள் இரவு) தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே அர்க்கன்ஸாவிடம் 79-க்கு 72 என்று தோற்றார்கள். 2006-க்குப் பிறகு கான்ஸாஸ் முதல் சுற்றில் தோற்றது அதுவே முதல் தடவை.

நாம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் சமயத்தில் தம்பி டெலிபோனில் கூப்பிட்டான். அழாத குறை. "இப்படிச் செய்துவிட்டான்களே, அண்ணா! நம் முகத்தில் கரியைப் பூசிவிட்டான்களே!" என்றான்.

பதில் சொல்ல வாயெடுத்த நாம் சட்டென்று நின்றுவிட்டோம். இந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? கேட்டது மட்டுமல்ல; சொன்னதும் நாமேதான்.

2018 ஜூனில் நமது பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கு அவனுக்கு விளையாட்டு. முதல் மாதத்திலேயே வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "இந்த வருஷம் கணக்கில் நூற்றுக்கு நூறு இவனுக்குத்தான்" என்று நாம் பிரகடனம் செய்துவிட்டோம். தலைமையாசிரியரிடம் எழுதிக்கொடுத்த உத்தேசப் பட்டியலிலும் அவன் பெயர்தான் முதலில். 2019 ஏப்ரல் கடைசியில் முடிவு வந்தது. எழுபத்தொன்று. மார்க் பட்டியல் வாங்க வந்தவன் வாசற்படியருகில் நின்றான். நாம் தலைநிமிர்ந்து, "இப்படிச் செய்துவிட்டாயே! என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாயே!" என்றோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவே இல்லை. இரண்டொரு முறை கடைத்தெருவில் நம்மைக் கண்டு, எதிர்ப்புறம் கடந்து போய்விட்டான்.

அவன் கடைத்தெருவில் மின்சாரச் சாமான்கள் பழுதுபார்க்கும் கடையில் வேலையாயிருப்பது நமக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நமது மேஜை விசிறியை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். வேறு சாக்கு அகப்படவில்லை. விசிறியைத் திருப்பிப் பார்த்து, "இதில் ஒன்றும் கோளாறு இல்லையே, ஸார்" என்றான். கோளாறு விசிறியில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொன்னோம். ஆறு வருஷத்துக்கு முன் நாம் பேசியது தப்பு என்றோம்.

சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு அவன் சொன்னான்: "பரீட்சைக்கு முன்னால் பதினைந்து நாள் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் துணையிருந்தேன், ஸார். பாஸ் பண்ணுவேனோ மாட்டேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். எழுபத்தொன்று என்று பார்த்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். உங்களிடம் சொல்லத்தான் வந்தேன்."

மெக்கல்லரின் முழங்காலை, எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, விரல்நுனியில் வைத்திருந்தவர் நாம். நமது வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தது நமக்குத் தெரியாது.

எதிர்பார்ப்பதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. ஒருவரும் ஒன்றும் எதிர்பார்க்காத பையன் உருப்படுவதும் கஷ்டந்தான். ஆனால் கான்ஸாஸின் சரித்திரத்தையே பாருங்கள். 1988-இல் பதினொரு தோல்விகளோடு போட்டிக்குப் போன கோஷ்டி தேசியப் பட்டத்தை வென்றது. 2022-இல் இறுதி ஆட்டத்தின் பாதியில் பதினைந்து புள்ளிகள் பின்தங்கியிருந்து, வட கரோலினாவை 72-க்கு 69 என்று வென்றார்கள். இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஓச்சாய் அக்பாஜி, 2018-இல் சேர்ந்தபோது அதிகம் பேசப்படாதவர். முதல் வருஷம் ஆடாமல் பயிற்சி மட்டும் பெறட்டும் என்று உத்தேசித்திருந்தார்கள். அவர் நான்கு வருஷம் அங்கேயே வளர்ந்தார். பயிற்சியாளர் பில் ஸெல்ப் அவரைப் பட்டியலில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் வளர்த்தெடுத்தார். எதிர்பார்ப்பு என்பது உடனிருந்து கொடுக்கும் துணையாக இருக்கலாம். வட்டியோடு வசூலிக்கும் கடன் பத்திரமாக இருக்கக் கூடாது.

2025 அக்டோபரில் தம்பி மறுபடியும் கூப்பிட்டான். பழைய முக்கிய ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். டாரின் பீட்டர்ஸன் என்னும் புதுப் பையனைப்பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. "வரிசையில் பத்தொன்பதாம் இடம்தானாம், அண்ணா!" என்று அங்கலாய்த்தான். "மிகவும் நல்லது, பையன்கள் நிம்மதியாக ஆடட்டும்" என்றோம்.

அந்த வருஷத்து உத்தேசப் பட்டியலைத் தலைமையாசிரியர் கேட்டபோது, நாற்பது பெயர்களையும் அகர வரிசையில் எழுதிக் கொடுத்தோம். எதிரே மார்க்கு எதுவும் போடவில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும், வீட்டில் யாருக்கு என்ன கஷ்டம் என்று பென்ஸிலால் குறித்துவைக்க ஒரு கட்டம் போட்டுக்கொண்டோம்.

மேஜை விசிறி? அதை அந்தப் பையன் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான். இப்போது கடைத்தெருவில் நம்மைக் கண்டால் இந்தப் பக்கமாகவே வருகிறான்.