சவாசனமும் லயக் காம்பராவும்

ஓய்வைப் பற்றி எழுதப் புகுந்தால் முற்போக்கு எண்ணமுடைய நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அதனை யோகாசனத்தோடு சேர்த்து எழுதினாலோ சொல்லவே வேண்டியதில்லை. "உலகத்தைத் துறந்தவனுக்கும் உண்டு கொழுத்தவனுக்கும் உரிய விவகாரமல்லவா அது? உழைப்பவனுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பர். இக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், களைப்பு உழைப்பவர் உடம்பிலேதான் மிகுதியாகக் குடியிருக்கிறது. அக்களைப்பைத் தணிக்கும் வழி ஒன்று இருக்குமானால், அதனைப் பிறருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கி நிற்பது எவ்வகையில் முற்போக்கு ஆகும்?

ஓய்வு யோகம் என்று இன்று வழங்கும் பயிற்சி மிக எளிமையானது. உடலை வளைத்து முறுக்கும் வித்தை எதுவும் அதில் இல்லை. நான்கைந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடம் வரை அசையாது இருத்தல், அவ்வளவே. தலைக்கும் முழங்காலுக்கும் கீழே மடித்த போர்வை, முதுகுக்கு நீண்ட தலையணை, கண்களின் மேல் ஒரு துணி ஆகியன போதும். உடலின் பாரத்தை இவை தாங்கிக்கொள்வதால் தசைகளுக்கு வேலை இல்லாமற் போகிறது. சுவரோரமாகப் படுத்துக் கால்களை மேல்நோக்கிச் சுவரிலே சார்த்துவது ஒரு நிலை. கைகால்களைத் தளரவிட்டு மல்லாந்து கிடக்கும் சவாசனம் இறுதி நிலை. கண்ணில் நீரழுத்த நோய் உள்ளவர்கள் முதல் நிலையை வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகள் மல்லாந்து கிடவாது இடப்பக்கம் சாய்ந்து படுப்பதே நன்று.

சவாசனம் பழையது. பதினைந்தாம் நூற்றாண்டளவில் எழுந்த ஹடயோகப் பிரதீபிகை என்னும் நூல், அது களைப்பை நீக்கி மனத்துக்கு ஓய்வளிப்பது என்று கூறுகிறது. போர்வையும் தலையணையும் கொண்டு உடலைத் தாங்கும் முறையோ நமது காலத்தது. அதனை வளர்த்தவர் கன்னட நாட்டுப் பெல்லூரில் 1918இல் பிறந்த பி. கே. எஸ். ஐயங்கார். இளமையில் மலேரியாவும் நெருப்புக் காய்ச்சலும் காசநோயும் வருத்திய உடம்பு அவருடையது. நோயுற்ற உடலால் எதனைச் செய்ய முடியும் என்ற கேள்வி அவருக்கு ஏட்டிலே பிறந்ததன்று. அவரிடம் பயின்றோருள் ஒருவரான அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாசட்டர், இம்முறையை 1995இல் நூலாக்கிப் பரப்பினார்.

இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆபத்தைக் கண்ட உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாவதை 1915இல் வால்டர் கனன் நூலொன்றில் விளக்கினார். அதிரினலின் சுரக்கிறது, நெஞ்சு விரைந்து அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. புலியைக் கண்டு ஓடியவனுக்கு ஓட்டம் முடிந்ததும் இவை அடங்கிவிடும். கடன்காரனும் மேலதிகாரியும் நாள்தோறும் வருபவர்கள். அவர்களிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. நீங்காத நெருக்கீடு உடலையே தேய்க்கும் என்பதை 1936 முதல் ஹான்ஸ் செலியே ஆராய்ந்து காட்டினார். நமது விருப்பத்துக்கு அடங்காமல் இயங்கும் நரம்புத் தொகுதியில், முடுக்குவது ஒரு பிரிவு; தணிப்பது மற்றொரு பிரிவு. உடல் தாங்கப்பட்டு, ஒளியும் ஓசையும் குறைந்து, வெளிமூச்சு நீளும்போது நெஞ்சின் துடிப்பு மெல்லக் குறைகிறது. தணிக்கும் பிரிவு மேலோங்குகிறது.

நான் மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே கற்பிப்பவள். சில ஆண்டுகளுக்கு முன், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பின்பு உறக்கம் வராத நிலை எனக்கு ஏற்பட்டது. திருத்தாத விடைத்தாள்கள், ஓரிடத்துக்கு மூன்று இடத்து வேலை, மாத நடுவிலேயே தீர்ந்துபோகும் சம்பளம். காரணங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. உடன் கற்பிக்கும் தோழி ஒருத்தி இப்பயிற்சியைக் காட்டித் தந்தாள். மாலையில் இருபது நிமிடம் கிடந்து வந்தேன். மூன்றாம் வாரமளவில் விடியும்வரை உறங்கினேன். விடைத்தாள்கள் குறையவில்லை, ஆனால் அவற்றை எதிர்கொண்ட உடம்பு வேறு உடம்பாயிருந்தது.

நன்மை கண்டதைப் பிறருக்குச் சொல்லாதிருக்க ஆசிரியர்களால் முடியாதல்லவா? பெற்றார் கூட்டமொன்றின் முடிவில், தோட்டத்துத் தாய்மார் பதினைந்து பேரளவில் இருந்தபோது இதனை எடுத்துக் கூறினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பின்னர் ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், நாங்க மல்லாந்து படுத்தா சோறு யாரு ஆக்குறது? அதுக்கு மொதல்ல படுக்க எடம் வேணுமே!"

அவள் வேடிக்கையாகச் சொன்னாள். எனக்கோ அது ஒரு கணக்காகவே பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, வெள்ளையர் காலத்து லயக் காம்பரா ஒன்றின் அளவு அது. அதிலே அடுப்பும் உண்டு, கட்டிலும் உண்டு, படிக்கிற பிள்ளையும் உண்டு, இருமுகிற கிழவரும் உண்டு. ஒருத்தி கைகால் நீட்டிக் கிடப்பதற்கு வேண்டிய நிலம் ஆறடிக்கு மூன்றடி. அவ்வளவு நிலம் அங்கு வெறுமையாக இருப்பது எந்த நேரத்தில்? அவளுக்கு வெறுமையான நேரந்தான் எது? இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். கூடையின் கயிறு தலையை அழுத்த, சரிவிலே நின்று கொழுந்து பறிக்கிறாள். தோட்டம் குறித்த நிறையை எட்டாவிட்டால் அரைப் பேர்தான். மாலையில் திரும்பினால் தண்ணீரும் விறகும் சமையலும் காத்திருக்கின்றன. எல்லோருக்கும் பின் படுத்து எல்லோருக்கும் முன் எழுபவளிடம், இருபது நிமிடம் சும்மா கிடக்கும்படி நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹுதி மெனுகின் 1952இல் பம்பாயில் ஐயங்காரைச் சந்தித்தார். களைத்திருந்த அவரைச் சவாசனத்தில் கிடத்தியதும் அவர் அயர்ந்து உறங்கிவிட்டாராம். அவருக்கும் அந்தத் தாய்க்கும் தசை ஒன்றே, நரம்பும் ஒன்றே. ஒருவருக்கு வாய்த்த அந்த ஒரு மணி நேரம் மற்றவருக்கு வாய்க்கவில்லை. ஓய்வின் சாத்திரத்தில் எழுதப்படாத முதற்பாடம் இதுவே.

இன்று இந்த ஓய்வு ஒரு பண்டமாகவும் ஆகிவிட்டது. கடற்கரை விடுதிகளிலே அது பொதியாக விற்கப்படுகிறது. அதனினும் கவலைக்குரியது வேறொன்று. ஊழியரின் வேலைச் சுமையைக் குறைக்க மனமில்லாத முதலாளி, நெருக்கீட்டைத் தணிக்க ஒரு யோக வகுப்பை ஒழுங்கு செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடலாம். நெருக்கீட்டைப் பிறப்பிக்கும் ஏற்பாடு அப்படியே இருக்க, தாங்கிக்கொள்ளும் பொறுப்பு மாத்திரம் தனிமனிதரின் தலையில் ஏற்றப்படுகிறது. உறங்க முடியாதவன் தன் மூச்சை ஒழுங்காக விடத் தெரியாதவன் என்றாகிவிடுகிறது.

ஓய்வு எவருடைய கருணையாலும் வந்ததன்று என்பதை வரலாறு சொல்லும். உழைப்புக்கு எட்டு, பொழுதுபோக்குக்கு எட்டு, ஓய்வுக்கு எட்டு என்று 1817இல் நாளைப் பகிர்ந்து காட்டினார் ரொபேட் ஓவன். அந்த எட்டு மணிக்காகவே 1886 மே மாதத்தில் சிக்காகோத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர்; சிலர் தூக்குமேடையும் ஏறினர். 1919இல் சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயமே கைத்தொழிலில் வேலை நேரத்தை வரையறுப்பதாக அமைந்தது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், தனது 24ஆம் உறுப்புரையில் ஓய்வையும் ஓய்வுப் பொழுதையும் ஒவ்வொருவரின் உரிமை என்றது. இலங்கையில் கடை, காரியாலய ஊழியருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி என்ற வரம்பு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஆயினும் அடுப்படி வேலைக்கு மணி அடிக்கும் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. எட்டு மணிக் கோரிக்கையின் எல்லை தொழிற்சாலை வாசலோடு நின்றதனால், பெண்ணின் இரண்டாவது வேலைநாள் கணக்கிலே வராமற் போயிற்று.

எனவே, சவாசனம் வேண்டாமென்றா சொல்கிறேன்? இல்லை. இடுப்பு வலிக்கிறவளிடம், சமுதாயம் மாறும்வரை பொறுத்திரு என்று சொல்வது கொடுமை. மூச்சை மெல்ல விடு, எல்லாம் சரியாகும் என்று சொல்வதோ ஏமாற்று. இவ்விரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அத்தாய்மாருடன் பேசி, மாதத்தின் இரண்டு ஞாயிறு பிற்பகல்களில் எமது பாடசாலை மண்டபத்தைத் திறந்துவைக்க ஒழுங்கு செய்தோம். பிள்ளைகளை அந்நேரம் தகப்பன்மார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தாய்மாரே விதித்த நிபந்தனை. பாய்கள் அவர்களுடையவை, தலையணைக்குப் பதிலாகச் சுருட்டிய சாக்குகள். முதல் நாள் வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உறங்கிவிட்டார்கள். எழுந்த பின்னர் அவர்கள் யோகத்தைப் பற்றிப் பேசவில்லை. நிறுவையைப் பற்றியும், கூரை ஒழுக்கைப் பற்றியும், தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசினார்கள்.

அது தற்செயலன்று என்றே நினைக்கிறேன். களைத்த உடம்புக்கு அன்றைய பொழுதைக் கழிப்பதே பெரும்பாடு. களைப்பு நீங்கிய உடம்பே நாளையைப் பற்றிக் கேள்வி கேட்கிறது. ஆகவே, மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: ஓய்வெடுக்கும் கலையைக் கூச்சமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள், கற்பித்தும் கொடுங்கள். கற்பிக்கும்போது, அந்த ஆறடி நிலமும் இருபது நிமிடமும் கேட்பவருக்கு இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவற்றைப் பெறுவதற்கான வேலையும் அப்பயிற்சியின் ஒரு பகுதியே.