ஷைலக் வேஷம் போட்ட மாணவனுக்கு

 

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி 'தி மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்' படத்தை டிவியில் போட்டுக் காட்டினாள். 2004-இல் வந்தது. மைக்கேல் ராட்ஃபோர்ட் இயக்கிய ஷேக்ஸ்பியர் நாடகம். யூத வட்டிக்காரர் ஷைலக்காக அல் பசினோ நடித்திருக்கிறார். நமக்கும் இது பழைய கதைதான். பம்மல் சம்பந்த முதலியார் 'வாணிபுர வணிகன்' என்று நாடகமாக்கினார். 1940-இல் செருகளத்தூர் சாமா நடித்து 'ஷைலக்' என்றே தமிழ்ப் படம் வந்தது.

1994 ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதன் கோர்ட் காட்சியை மட்டும் நான் போட்டது சிலருக்கு ஞாபகம் இருக்கும். கடனைக் கட்டாவிட்டால் ஒரு பவுண்டு சதை என்று பத்திரம். சதையை எடுக்கலாம், ரத்தம் சிந்தக் கூடாது என்று போர்ஷியா மடக்கியதும் ஒரே கைதட்டல்.

அப்பா வட்டிக்கு விடுகிறவர் என்பதற்காகவே ஒரு பையனுக்கு ஷைலக் வேஷம் கொடுத்தேன். "உனக்குத்தான்டா இது பொருந்தும்" என்று வகுப்பிலேயே சொல்லிச் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவனுக்கு அதுவே பட்டப்பெயர். சத்துணவு வரிசையில், சைக்கிள் நிறுத்துமிடத்தில், எங்கும் "ஷைலக்". காதில் விழுந்தும் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

படம் கோர்ட்டில் தொடங்கவில்லை. யூதர்களைக் கூட்டம் விரட்டுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஷைலக்கின் முகத்தில் அந்தோணியோ துப்புகிறார். யூதர்கள் சொத்து வாங்கக் கூடாது, அதனால் வட்டித் தொழில். வெளியே போனால் சிவப்புத் தொப்பி. இரவில் அவர்கள் குடியிருப்புக்கே பூட்டு. துப்பியவருக்கே பணம் தேவைப்படும்போதுதான் அந்தப் பத்திரம் எழுதப்படுகிறது. பிறகு ஷைலக்கின் மகளும் நகை, பணத்தோடு போய்விடுகிறாள். ஊரே சிரிக்கிறது. எங்களுக்கும் அடித்தால் வலிக்காதா, பழிவாங்கவும் உங்களிடம்தானே கற்றோம் என்று அவர் கேட்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

கத்தியைத் தீட்டியது தப்புதான். ஆனால் கோர்ட்டில் கருணையைப் பற்றி அழகாகப் பேசியவர்கள், கடைசியில் அவர் மதத்தையே பிடுங்குகிறார்கள். தொழுகைக் கூடத்தின் கதவு சாத்தப்பட, அவர் வெளியே தனியாக நிற்கிறார். இதற்கு முன்னால் நடந்தது எதையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. கைதட்ட மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாயோ தெரியாது. வட்டி வாங்கியது உன் அப்பா. பேச்சு வாங்கியது நீ. அந்தப் பெயரை உனக்கு முதலில் வைத்தது உன் டீச்சர்தான். மன்னித்துக்கொள், சாமி. பதில் போட வேண்டுமென்று கட்டாயமில்லை.

மற்றவர்கள் தயவுசெய்து கமெண்டில் அவன் பெயரை எழுத வேண்டாம். இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: யாருக்கும் குடும்பத்தைப் பார்த்து வேஷம் கொடுக்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்