நெடுந்தீவில் ஒரு பகற்பொழுது

ஆறாம் வகுப்பிற் படிக்கும் என் மூத்த மகளுக்குப் பாடசாலையில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் கேட்டு, அவரவர்க்கு மிக விருப்பமான ஒரு பொருளையும் அதற்கான காரணத்தையும் கொப்பியில் எழுதிவர வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சிறு வீட்டில் அவள் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள். இளையவன் சற்றும் யோசியாமல் "யாழ்தேவியின் எஞ்சின்" என்றான். என் மனைவி, எல்லோரும் எழும்புவதற்கு முன் தனியே இருந்து குடிக்கும் காலைக் கோப்பி என்றாள். அது பொருளா அன்றா என்ற விவாதம் சிறிது நேரம் நடந்தது. எழுபத்தெட்டு வயதான என் தந்தையார் மட்டும் நெடுநேரம் பேசாதிருந்து, "எங்கடை வளவு மதில்" என்றார்.

எந்த வளவு, எந்த மதில் என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. நெடுந்தீவில் தாம் பிறந்த வளவைச் சூழ நிற்கும் முருகைக்கல் மதிலைத்தான் அவர் சொன்னார். அந்த வளவைப் பேரப்பிள்ளைகள் ஒரு முறையேனும் கண்டதில்லை. நானுங்கூடச் சிறுவனாக இருந்தபோது கண்டதுதான்.

என்னிடம் அவள் கேட்க வரவேயில்லை. இரவு கொப்பியைத் தற்செயலாகப் புரட்டியபோது, 'அப்பா' என்பதற்கு நேரே 'கைத்தொலைபேசி' என்று நீல மையில் எழுதியிருக்கக் கண்டேன். காரணம் என்ற இடத்தில், 'சாப்பிடும்போதும் வைத்திருப்பார்' என்று இருந்தது.

நான் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருட் பொறியியலாளனாக இருக்கிறேன். நாங்கள் உறங்கும் வேளையிற் கடல் கடந்த நாட்டில் எங்கள் வாடிக்கையாளர் விழித்திருப்பர். ஆகவே எங்கள் தொழிலிற் பகலென்றும் இரவென்றும் பேதமில்லை. தொலைபேசி என் கையில் இருப்பது விருப்பத்தினால் அன்று என்று மகளை எழுப்பிச் சொல்லலாமா என்று எண்ணினேன். சொல்லவில்லை. மறுநாளே விடுமுறைக்கு விண்ணப்பித்து, ஐந்து பேருக்கும் புகையிரதத்தில் இடம் பதிவு செய்தேன்.

யாழ்தேவி என்ற பெயரைக் கேட்டாலே என் தந்தையாருக்கு முகம் மலரும். 1956ஆம் ஆண்டு சித்திரை மாதம் ஓடத் தொடங்கிய வண்டி அது. பத்து ஆண்டுகள் கழித்து அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்காக அவர் முதன்முதல் கொழும்புக்கு வந்ததும் அதிலேதான். 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஓட்டம் நின்று, 2014ஆம் ஆண்டு ஐப்பசியில் அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்த செய்தியை அவர் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார். எங்களுக்கு வசதியாயிருந்தது இரவு அஞ்சல் வண்டியாதலால் இளையவனின் எஞ்சின் ஆசை பாதிதான் நிறைவேறிற்று.

நல்லூரிலுள்ள என் சகோதரி வீட்டில் ஒரு நாள் தங்கினோம். ஆவணி மாதம் பனம்பழக் காலம். வந்திறங்கிய அன்றே பனங்காய்ப் பணியாரம் சுட்டுப் பெரிய தட்டொன்றிற் கொண்டுவந்து வைத்தாள். மகள் என்னிடம் கேட்டிருந்தால் நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று அதைத் தின்றுகொண்டே யோசித்தேன். இந்தப் பணியாரத்தின் கருகிய ஓரத்தைச் சொல்லியிருக்கலாம். வெள்ளவத்தையிற் கடலோரமாகப் புகையிரதம் போகும்போது எங்கள் யன்னற் கண்ணாடி அதிரும் ஓசையைச் சொல்லியிருக்கலாம். ஒன்றை மட்டுந்தான் எழுத வேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. ஆனாற் கைத்தொலைபேசி அந்த வரிசையில் எங்கும் இராது.

நிற்க. மறுநாட் காலை பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தோம். இருமருங்கும் ஆழமற்ற கடலிருக்க, நடுவே நேரே நீண்டுசெல்லும் அந்தப் பாதையிற் காலை வேளையிற் போவது தனி இன்பம். கால் நனைய நின்று வலை வீசுவோரையும், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளையும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வந்தார்கள். துறையில் நயினாதீவுக்குச் செல்லும் அடியார் கூட்டம் ஒரு புறம்; அரிசி மூடைகளும் கோழிக் கூடுகளும் எரிவாயுக் கொள்கலன்களும் சுமந்து நெடுந்தீவுக்குப் போவோர் மறுபுறம்.

சோளகக் காற்றுக் காலமாதலால் கடல் அமைதியாக இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் என் மனைவி கண்ணைத் திறக்கவேயில்லை. தந்தையாரோ பலகையிற் சாய்ந்திருந்து, அலையோடு அலையாய் அசைந்துகொண்டு, தலை நரைத்த முகந் தெரியாத மனிதரிடமெல்லாம் "நீர் ஆற்றை மகன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் ஆளிடம் உறவு பிடித்துவிட்டார்.

மாவிலித்துறையில் இறங்கியவுடன் அவர் பேச்சை நிறுத்தினார். குமுதினிப் படகின் நினைவுத் தூபி அங்கே நிற்கிறது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் அப்படகிற் பயணஞ் செய்தோர் பலர் கடலிலே வெட்டிக் கொல்லப்பட்டனர். தந்தையார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் நின்றார். பிள்ளைகளும் அவரைப் பார்த்துத் தங்கள் செருப்புகளைக் கழற்றினர்.

நெடுந்தீவு யாழ்ப்பாணத்தைச் சார்ந்த பெரிய தீவுகளுள் ஒன்று. ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புடையது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்கு இட்டுச் சென்றார்கள். ஆங்கிலத்தில் இன்றும் டெல்ப்ட் என்றே எழுதுகிறார்கள். மலையில்லை, ஆறில்லை. கண்ணுக்கெட்டிய வரையிற் சமநிலமும், பனையும், வெயிலுந்தான். வாடகைக்கு அமர்த்திய சிறு பட்டா வாகனத்தின் பின்தட்டில் நின்றவாறே நாங்கள் ஊர் பார்த்தோம். உள்ளே ஆள் புகுந்து நிற்கக்கூடிய பெரும் பொந்தை உடைய பெருக்கமரத்தை இளையவன் மூன்று முறை உட்புகுந்து பார்த்தான். அம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்று சொல்வர். வெளிநிலத்தில் ஐந்தாறு குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இங்கே வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. இன்று கட்டுவாருமின்றி ஏறுவாருமின்றித் திரிகின்றன. கோடையில் தண்ணீரின்றி அவை படும் துன்பம் பெரிது. நாங்கள் கண்டவற்றின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

ஆயினும் இத்தீவின் உண்மையான அதிசயம் அதன் மதில்களே என்பேன். எங்கு நோக்கினும் மதில். வளவுக்கு மதில், தோட்டத்துக்கு மதில், வெறுங்காணிக்கும் மதில். கடலுயிர்கள் காலங்காலமாகக் கட்டிய முருகைக்கல்லே இம்மண்ணின் அடியிற் கிடப்பது. நிலத்தைக் கொத்தினாற் கல்லே வரும். வந்த கல்லை எங்கே போடுவது? எல்லையிலே அடுக்கினார்கள். சுண்ணாம்புமில்லை, சீமெந்துமில்லை. அடியிற் பெருங்கற்களை இருபுறமும் வைத்து, நடுவிலே சிறு கற்களை நிரப்பி, மார்பளவு உயர்த்துகிறார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள துவாரங்களூடாகச் சோளகம் சீழ்க்கையடித்துக்கொண்டு போய்விடுகிறது. காற்றுக்கு வழிவிடுவதனால் மதிலும் நிற்கிறது. விழுந்தால் விழுந்த கல்லை எடுத்து மீண்டும் வைத்துவிடலாம். நாங்கள் கணினியில் எழுதுவனவற்றை இவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க இயலாது என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

தீவின் மேற்குப் பகுதியில் எங்கள் வளவின் வாயிலை அடைந்து, தந்தையாரைக் கைபிடித்து இறக்கிய அந்தக் கணத்தில் என் சட்டைப்பையில் தொலைபேசி அலறிற்று. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் குழு அனுப்பிய திருத்தமொன்று பிழைத்துவிட்டது. அதனால் வாடிக்கையாளரின் விலைப்பட்டியல்கள் யாவும் தவறான தொகையோடு வெளியேறிக்கொண்டிருந்தன. அப்பகுதியை எழுதியவன் நான். பையில் மடிக்கணினி இருந்தது. மனைவிக்குத் தெரியாமற் கொண்டுவந்ததாக நான் நினைத்திருந்தேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் விடுங்கோவன்," என்றாள் அவள்.

"பத்து நிமிசம்," என்றேன்.

அவ்விடத்தில் அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அதே வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தியசாலைப் பக்கம் போனேன். அதற்கருகே ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்று உண்டு. அவர்கள் புறாக்களின் காலிற் செய்தி கட்டி அனுப்பியதாகச் சொல்கிறார்கள். அதன் நிழலிலே மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, கண்காணாத மனிதருக்குச் செய்தி அனுப்பியவாறு நான் அமர்ந்திருந்த கோலத்தை யாரேனும் படம் பிடித்திருந்தால் நகைப்புக்கு இடமாகியிருக்கும். பிழை மிகச் சிறியது. ஒரு நிபந்தனை தலைகீழாக இருந்தது. கண்டுபிடித்து, திருத்தி, சோதித்து, அனுப்பி முடிக்க இரண்டே கால் மணி நேரம் சென்றது.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அயல்வீட்டு அம்மா ஒருவர் தம் திண்ணையில் மனைவியையும் மகனையும் இருத்திப் பனாட்டும் தேநீரும் கொடுத்திருந்தார். வளவினுள்ளே வீடில்லை; இரண்டு படிகளும், தூர்ந்த கிணறுமே எஞ்சியிருந்தன. தந்தையார் மேற்படியில் அமர்ந்திருந்தார். மகளின் சட்டையெல்லாம் வெண்புழுதி.

"அப்பா, இஞ்சை வந்து பாருங்கோ," என்று அவள் என்னை மதிலின் வடமூலைக்கு இழுத்துச் சென்றாள். மாடோ குதிரையோ இடித்து விழுத்திய இடம் ஒன்று, ஏறத்தாழ இரண்டு பாக நீளம், புதிதாக அடுக்கப்பட்டிருந்தது. அவரும் அவளுமாக அடுக்கியது. எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் ஆடாது, சிறு கல்லை எப்படிச் செருகுவது என்றெல்லாம் எனக்கு விளக்கினாள். பின்பு குரலைத் தாழ்த்தி, அப்பப்பா சொன்ன கதையைச் சொன்னாள்.

பதினொரு வயதில் அவர் படிப்புக்காகத் தீவை விட்டு யாழ்ப்பாணம் போவதற்கு முதல்நாள், அவருடைய தந்தையார் அவரை இந்த மூலைக்கு அழைத்துவந்து, ஒரு பகல் முழுதும் மதில் அடுக்கச் செய்தாராம். ஏன் என்று சொல்லவில்லையாம். மறுநாள் வள்ளத்தில் ஏறும்போது கையெல்லாம் கிழிந்திருந்ததாம். பாடசாலையில் முதற்கிழமை பேனை பிடிக்க முடியவில்லையாம்.

"அழுதவர். ஆனால் தான் அழேல்லை எண்டு சொன்னவர்," என்றாள்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளாக இம்மனிதருக்கு மகனாக இருக்கிறேன். இந்தக் கதையை நான் கேட்டதில்லை.

பிற்பகற் படகிற் காற்றுச் சற்றுத் தணிந்திருந்தது. தந்தையாருக்கு அருகில் இடம் பிடித்து அமர்ந்து, "ஐயா, அந்த மதில் அடுக்கின கதையை எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்," என்று கேட்டேன். அவர் கோபமாக இல்லை. களைத்திருந்தார்.

"அதுதான் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டனே, தம்பி," என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மடியிற் கிடந்த அவருடைய உள்ளங்கைகளிற் புதிய கீறல்கள் இருந்தன.

மகள் எதிரே அமர்ந்து, படகின் ஆட்டத்துக்கு ஈடுகொடுத்தபடி கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அப்பப்பாவின் மதிலுக்கு இப்பொழுது ஒரு பக்கம் முழுவதும் காரணம் இருந்தது. அதற்குமேல் என் வரி இருந்தவாறே இருந்தது.

"இதை மாத்தேலாதோ?" என்று கேட்டேன்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். "ரீச்சர் வெட்டிக் கிறுக்கக்கூடாது எண்டு சொன்னவ," என்றாள். பின்பு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனையைத் திறந்து, "சரி, சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள்.

நான் பனங்காய்ப் பணியாரத்தின் கருகிய ஓரத்திலிருந்து தொடங்கினேன். குறிகட்டுவான் தென்படும் வரை அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.