புல்வெளிக்கு வந்த இலவச உரம்

எங்கள் அடுக்ககத்துப் புல்வெளி இரண்டு வருடமாக மஞ்சளாகவே இருந்தது. யூரியா போட்டால் பத்து நாள் பச்சை, பிறகு பழைய கதைதான். போன ஆடியில் சங்கச் செயலாளர் உற்சாகமாக வந்தார். எஃகு ஆலைக் கசடுத் தூள் ஒரு லாரி இலவசமாகக் கிடைக்கிறதாம். "உங்க லைன்தானே சார், போடலாமா?" என்று கேட்டார். முப்பத்தோரு வருடம் ஆலை ஆய்வுக்கூடத்தில் கசடைப் பொடித்துச் சோதித்தவன் நான்.

கசடு புல்லுக்கு உரமாவது புதிதல்ல. இரும்பிலுள்ள பாஸ்பரஸைச் சுண்ணாம்பால் பிரிக்கும் முறையை 1878-இல் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் அறிவித்தார். பிரிந்த பாஸ்பரஸ் கசடில் தங்கியது. அதை மாவாக அரைத்து மேய்ச்சல் நிலங்களில் தூவினார்கள். இங்கிலாந்தின் காக்கிள் பார்க் பண்ணையில் 1890-களின் இறுதியில் தொடங்கிய சோதனையில், சோனியாகக் கிடந்த நிலத்தில் வெள்ளைக் குளோவர் படர்ந்தது, காற்றின் நைட்ரஜனும் மண்ணில் சேர்ந்தது, ஆடுகள் கொழுத்தன.

ஆனால் அது சுண்ணாம்புக்கு ஏங்கிய புளிப்பு மண். எங்கள் மண்ணோ களர். பரிசோதனையில் பி.எச். 8.7. இன்றைய கசடில் பாஸ்பரஸ் சொற்பம், சுண்ணாம்புதான் தாராளம். குரோமியம், வனேடியம் வேறு கொஞ்சம் இருக்கும். மாலையானால் குழந்தைகள் உருளுவது அந்தப் புல்லில்தான். வேண்டாம் என்றேன். செயலாளரின் முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாம் மாடிக்காரர் ராக் பாஸ்பேட் போடலாமே என்றார். அதுவும் புளிப்பு மண்ணில்தான் கரையும். நீலகிரித் தேயிலைக்குச் சரி, இங்கே கல்லாகவே கிடக்கும்.

எங்களுக்கு வேண்டியது ஜிப்சம். போர் தண்ணீரின் சோடியம் களிமண்ணை இறுக்கிவிடுகிறது. ஜிப்சத்தின் கால்சியம் அதை விலக்கும். நல்ல தண்ணீர் அதைக் கீழே கழுவிக்கொண்டு போக வேண்டும். பாஸ்பாரிக் அமில ஆலைகளில் கழிவாக விழும் ஜிப்சம் மலிவுதான், ஆனால் ரேடியமும் ஃபுளோரைடும் சிறிதளவு தங்கும். குழந்தைகள் விளையாடுமிடத்துக்குச் சுரங்க ஜிப்சம்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். புரட்டாசியில் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ போட்டோம். ஆலைக் கழிவே ஆகாது என்பவனல்ல நான்: மக்கிய சர்க்கரை ஆலைப் பிரஸ்மட்டையும் மெல்லிசாகத் தூவினோம். ஒரு வாரம் நாற்றம். தரைத்தளத்தார் என்னோடு பேசவே இல்லை.

ஐப்பசி மழை நன்றாகக் கழுவிவிட்டது. கார்த்திகையில் தோட்டக்காரர், "வாரம் ஒரு தடவை வெட்டணும் போல சார்" என்றார். தெற்கு மூலை மட்டும் இன்னும் மஞ்சள். அங்கே தண்ணீர் தேங்குகிறது, வடிகால் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.