கூழ்ச் சட்டியை இறக்கி வைத்த இடம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பினால் செம்மண் பூமி தொடங்கிவிடுகிறது. முந்திரியும் பனையும் வேம்புமாகப் பார்த்துக்கொண்டே வந்தால் குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம்தான். ஆனால் 'ஆரோவில் போகிற வழி' என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. 1968 பிப்ரவரி 28-ம் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அந்தச் சர்வதேச நகரத்தைத் தொடங்கினார்கள். அன்று முதல் உலகமே இந்த ஊர் வழியாகத்தான் போய் வருகிறது. பிரதான சாலையில் காபிக் கடை, ரொட்டிக் கடை, ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை என்று ஒரே கலகலப்பு. இரண்டு தெரு உள்ளே போனால், வாசலில் கோலமும் கயிற்றுக் கட்டிலும் கோழிகளும்!

என் சிநேகிதி வாழ்க்கைப்பட்ட ஊர் இது. இங்கே ஒரு தையற்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். ஊருக்கு வந்துவிட்டு மாத்ரிமந்திரின் தங்கக் கோளத்தைப் பார்க்காமல் இருப்பேனா? பார்த்தேன், அழகுதான். ஆனாலும் வாசக சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது அவள் வீட்டுத் தோட்டத்து வேப்பமரத்தடியைப் பற்றி.

முன்பு அது கீற்று வேய்ந்த மண்சுவர் வீடு. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் இந்தக் கடற்கரையைப் புரட்டிப் போட்டதே, அன்று கூரை பறந்து போயிற்று. பிறகு கடன் வாங்கி, இந்தப் பக்கத்தார் சொல்வதுபோல, 'மெத்தை வூடு' கட்டினார்கள். முன்னால் அகலமாக ஒரு திண்ணையும் வைத்தார்கள். அது மாமனார் ராஜ்ஜியம். காலையில் பேப்பர், பகலில் ஒரு தூக்கம், சாயங்காலம் தெருவில் போகிறவர் வருகிறவரோடு பேச்சு.

பெண் நர்ஸிங் படிக்க வேண்டும் என்றாள். பணத்துக்கு எங்கே போவது? சாலைக்கு அருகில் இருக்கிற வீடு. திண்ணையை இடித்துக் கடையாக்கினால் மாதா மாதம் வாடகை வரும். சிநேகிதியும் அவள் கணவரும் பல ராத்திரி பேசி, பெரியவரிடம் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. "புள்ள படிக்கட்டும், இடிங்க" என்றார். இடித்த அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதன்பிறகு ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேச்சில்லை. ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு. "வீடு வாடகைக்கு விட்ட மாதிரியே ஆயிடுச்சுடி. நாங்களே குடித்தனக்காரங்க மாதிரி இருந்தோம்" என்றாள் சிநேகிதி.

அந்த வீட்டை மீண்டும் வீடாக்கியது அவள் மாமியார்தான்.

அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் மரக்காணம். இங்கிருந்து வடக்கே, அதே கடற்கரைச் சாலையில், பாத்தி பாத்தியாக உப்பளம் தெரியுமே, அந்த ஊர். விடிவதற்கு முன்பே அப்பா அம்மாவோடு அளத்துக்குப் போய்விடுவார்களாம். கழிநீரைப் பாத்தியில் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, விளைகிற உப்பை வாரி, பெண்கள் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பில் பட்டுக் கண் கூசும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

"அப்போ வீட்டுல எப்போம்மா இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"வூடு இன்னாம்மா வூடு? வரப்பு மேல எங்கம்மா கூழுச் சட்டிய எறக்கி வப்பாங்க. சுத்தி ஒக்காந்து, வெங்காயத்த கடிச்சிக்கினு குடிப்போம். எங்கப்பா எதுனா சொல்லிச் சிரிக்க வப்பாரு. எங்களுக்கு அதான் வூடு" என்றார்.

எனக்குச் சிறுபாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. அதைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். நூலில் ஓரிடத்தில் உப்பு வணிகர்களான உமணர்கள் வருகிறார்கள். கொற்கைப் பக்கத்துக் காட்சி அது. உப்பு வண்டிகளோடு மனைவி, மக்கள், பிள்ளைபோல் வளர்த்த ஒரு பெண்குரங்கு, எல்லோருமே பிரயாணம். அந்தக் குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி, குழந்தைகளோடு விளையாடுகிறது. வண்டிச் சக்கரத்தின் மேல் குடும்பம் நடத்தினவர்களுக்குச் சுவரேது, திண்ணையேது? ஆனாலும் அந்தக் காட்சியில் ஒரு வீடு இருக்கத்தானே செய்கிறது!

சரி, மாமியார் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டுமல்லவா? பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாயங்காலம் தோட்டத்து வேப்பமரத்தடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோரைப்பாயை விரித்தார். முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை தட்டி, பாய் நடுவில் தட்டோடு வைத்தார். யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. வாசனைக்குப் பேரன் வந்தான். அவனைத் தேடி அவன் அப்பா வந்தார். கடைசியில் பெரியவரும் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுநாளும் பாய் விரிந்தது. அதற்கு மறுநாளும்.

நான் போயிருந்தபோதும் பார்த்தேன். ஏழு மணிக்கு எல்லா செல்போனும் ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிடுகிறது. பேரன் வாய்ப்பாடு ஒப்பிக்கிறான். தாத்தா வேண்டுமென்றே தப்பாகத் திருத்துகிறார். "ஆயா, தாத்தா பொய் சொல்றாரு" என்று அவன் கத்துகிறான். சிநேகிதி தையற்கூடத்துச் சமாசாரம் சொல்கிறாள். அரை மணி நேரம், அவ்வளவுதான். பிறகு அவரவர் வேலை.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது, கரண்ட் இல்லாத அந்த வீட்டில், கூரைத் தகடு பறிகொடுத்த அக்கம்பக்கத்தாரும் வந்து தங்கினார்களாம். அன்று பாய் கூடத்துக்குள் விரிந்தது. ஒரே பானைக் கஞ்சி எல்லோருக்கும்.

திண்ணை போனதில் நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். தெருவோடு பேசிக்கொண்டிருந்த வீடு இப்போது தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. பெரியவரின் பழைய சிநேகிதர்களில் ஒருவர்தான் தோட்டம் வரை வருகிறார். ஆனால் பெண் கல்லூரிக்குப் போகிறாள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதேபோல, பழைய குடிசைதான் சொர்க்கம் என்றும் ஏங்க வேண்டாம். "அந்தப் பொகையில நான் இருமுன இருமல் எனக்குத்தான் தெரியும்" என்கிறார் மாமியார். விறகு, வறட்டி போன்ற வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கேஸ் அடுப்பு வரட்டும், தளம் போட்ட வீடு வரட்டும். சௌகரியம் வந்தால் பாசம் போய்விடும் என்பதில்லை. பாயை விரிக்க ஆளில்லாமல் போனால்தான் போகிறது.

கிரகப்பிரவேசத்தன்று நம் பெரியவர்கள் புதுவீட்டுக்குள் முதலில் எடுத்துப் போகச் சொல்வது என்ன? நிறைகுடம், மஞ்சள், உப்பு. சோபாவும் அலமாரியும் பிறகுதான். உப்பு தினமும் வேண்டும், கொஞ்சமாக வேண்டும், இல்லாவிட்டால்தான் அதன் அருமை தெரியும். குடும்பம் கூடி உட்காரும் அந்த அரை மணியும் அப்படித்தான்.

உங்கள் வீட்டில் வேப்பமரம் இல்லாமல் இருக்கலாம். பட்டணத்தில் இரண்டே அறையுள்ள ஃபிளாட்டாக இருக்கலாம். கணவருக்கு ராத்திரி ஷிஃப்டாகவும் இருக்கலாம். சமையலறைத் தரையில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமே! சாயங்காலம் முடியாவிட்டால் காலைக் காப்பி நேரத்தில் விரியுங்கள். கைக்குழந்தையையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டுத்தானே அது பேசக் கற்றுக்கொள்கிறது? முதல் நாள் யாரும் வரமாட்டார்கள். அடையோ சுண்டலோ நடுவில் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருங்கள். வருவார்கள்.