ப்ளேட் சிவக்குதா பாரு

எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிள் ஓரமாக ஜி.எஸ்.எம். கட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுப்பட்டு வரும். தராசில் போட்டு 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். நூறால் பெருக்கினால் தீர்ந்தது. திருப்பூரில் பாதிச் சண்டை இந்த வட்டத்தை வைத்துத்தான் முடியும். மீதிப் பாதி இதை வைத்துத்தான் ஆரம்பிக்கும்.

அந்த வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மைக் செட் மாமா ஞாபகத்துக்கு வந்தார்.

காங்கயம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் அவர் வீடு. முன்னறைதான் கடை. நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், பச்சைப் பெயின்ட் அடித்த வால்வு ஆம்ப்ளிஃபயர் இரண்டு. மாரியம்மன் நோம்பி என்றால் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு, விடிகாலை நாலு மணிக்கெல்லாம் ஈஸ்வரியம்மா குரலால் ஊரை எழுப்பிவிடுவார். ஆம்ப்ளிஃபயருக்குள்ளே இ.எல்.34 வால்வு இரண்டு நிற்கும். 'தேர்ட்டி ஃபோர்' என்பார். சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். தூசி காயும் வாசம் ஒன்று வரும். அப்புறம்தான் 'ம்ம்ம்' என்று குழாய் உயிர் பிடிக்கும்.

புது வால்வு மாட்டிய அன்றைக்கெல்லாம் எனக்கு ஒரு வேலை உண்டு. லைட்டை அணைத்துவிட்டு என்னைத் தரையில் குப்புறப் படுக்க வைப்பார்.

"ப்ளேட் சிவக்குதா பாரு கண்ணு."

கண்ணாடியின் உட்புறம் மங்கலாக நீலம் படர்ந்தால் பயமில்லை. நடுவில் நிற்கும் சாம்பல் நிறத் தகடுதான் ப்ளேட். அதன் பக்கவாட்டில் அடுப்புக்கரி கனன்ற மாதிரி ஒரு சிவப்புத் திட்டு எழும்பினால் ஆபத்து. "சிவக்குது மாமா" என்றால், அவரே வைத்துக்கொண்ட ப்ரீசெட்டை ஸ்க்ரூ டிரைவரால் துளித்துளியாகத் திருப்புவார். சிவப்பு அடங்கியதும் "போதும்" என்பேன். இதுதான் எங்கள் பயாஸ் மீட்டர்.

பாட்டே ஓடாதபோதும் வால்வுக்குள் ஒரு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதுதான் பயாஸ் கரண்ட். சாயப்பட்டறையில் துணி இல்லாத நேரத்திலும் பாய்லரை அணைக்காமல் வைத்திருப்பது போல. அது குறைந்தால் பாட்டில் கரகரப்பு தட்டும். கூடினால் வால்வு சீக்கிரம் சாகும்.

மீட்டர் அந்நாளில் இல்லாமலில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் ஏவோ மீட்டர் இருந்தது. கறுப்புப் பெட்டி, தோல் வார், முள்ளுக்குக் கீழே கண்ணாடிப் பட்டை. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவி சுமந்து அலுத்துப்போன டொனால்ட் மெக்காடி என்ற பிரிட்டிஷ் தபால் துறை எஞ்சினியர் 1923-இல் யோசித்த ஒற்றைப் பெட்டி அது. மெக்கானிக் அதை யாருக்கும் இரவல் தரமாட்டார். நியாயம்தான். கரண்டை அளக்க ஒயரை அறுத்து நடுவே மீட்டரை நுழைக்க வேண்டும். 450 வோல்ட் ஓடும் இடத்தில் கை தவறினால் மீட்டரும் போகும், ஆளும் போவார். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கிய கரண்ட் உதறும். மாமா இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உள்ளே கை வைப்பார்.

இப்போது ஒயரை அறுக்கவே வேண்டாம். வால்வின் கேத்தோடு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓர் ஓம் ரெசிஸ்டர் போதும். பழுப்பு, கறுப்பு, தங்கம், தங்கம் என்று நாலு பட்டை போட்டது. விலை சில்லறைதான். ஓர் ஓமில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 1 மில்லி வோல்ட். மீட்டரில் 38 என்று தெரிந்தால் கரண்டும் 38. எங்கள் வட்டத் துணியின் சூட்சுமமேதான். அளவை முதலிலேயே தோதாக வெட்டிவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும்.

இந்த வித்தை முள் மீட்டர்காரர்களுக்கும் தெரியும். ஆனால் சாதாரண முள் மீட்டரில் 38 மில்லி வோல்ட்டுக்கு முள் அசைந்ததா என்றே தெரியாது. அதற்கு டிஜிட்டல் மீட்டர் மலிவாக வேண்டியிருந்தது. டிடி-830 என்ற மஞ்சள் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் இன்று இருநூறு, முந்நூறுக்குத் தொங்குகிறது. 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் புள்ளிக்குப் பிறகும் ஓர் இலக்கம் காட்டும். அது வந்தபோது குழாயடியில் டிரான்சிஸ்டர் செட் உட்கார்ந்துவிட்டது. 1960-களில் வால்வு செய்யத் தொடங்கிய பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் வால்வுகள் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன. மாமாவும் இல்லை.

பச்சை ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். அளப்பதற்கு வெளிநாட்டில் ஓர் அடாப்டர் விற்கிறார்கள். வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகுவது. விலையைக் கேட்டு மூடிவிட்டேன். நமக்கு அது பட்டறையிலேயே கிடக்கிறது. மெஷின் பேனல்களில் வரும் எட்டு பின் ரிலேயின் அடிப்பாகமும் இந்த வால்வின் அடிப்பாகமும் ஒரே அளவு. செத்துப்போன ரிலேயின் அடியை அறுத்தெடுத்து, மேலே ரிலே பேஸைப் பொருத்தி, ஏழு பின்னை நேராக இணைத்து, எட்டாவதான கேத்தோடில் மட்டும் ஓர் ஓமை நுழைத்தேன். பேஸில் 300 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருந்தது. அதனால் அளக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மட்டும், தொடாமல்.

ஒரு வால்வு 54 காட்டியது, இன்னொன்று 52. அதில் சேர்ந்துவரும் ஸ்க்ரீன் கரண்டுக்குக் கொஞ்சம் கழித்தாலும், 450 வோல்ட்டில் ப்ளேட் ஒவ்வொன்றும் 22 வாட்டுக்கு மேல் தின்றுகொண்டிருந்தது. இ.எல்.34 தாங்குவதே 25 வாட்தான். சும்மா இருக்கும்போது 17 போதும். விஷயம் அப்போதுதான் உறைத்தது: தாங்கும் அளவைத் தாண்டின பிறகுதானே ப்ளேட் சிவக்கும்? சிவப்பு மறைந்ததும் நான் "போதும்" என்றது விளிம்பிலேயே. அதனால்தான் நோம்பிக்கு நோம்பி வால்வு போனது. மாமா ஆயுசுக்கும் வோல்டேஜைத் திட்டிக்கொண்டு, கடன் வாங்கிக் கோயம்புத்தூர் போய் வால்வு வாங்கிவந்தார்.

36-க்கு இறக்கி வைத்துவிட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன். திண்ணையில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த மீட்டர் என்ன வெல சாமி?"

"இருநூத்தம்பதுங்கத்தை."

"அப்ப இருந்துச்சா?"

"இல்லீங்க."

அத்தை அடுத்த பனியனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.